தாமரைச்செல்வி கேட்ட இரண்டாவது பாட்டு

டெக்ஸஸில் இருக்கும் ரிச்சர்ட்சனில் தாமரைச்செல்வியைத் தெரியாத தமிழ்க் குடும்பம் கிடையாது. பொங்கல் விழாவுக்கு வடை மாவு அரைக்க வேண்டுமா, பிள்ளை பெற்று வந்தவளுக்குப் பத்தியச் சமையல் செய்து தர வேண்டுமா, டேகேரில் இடம் கிடைக்காத குழந்தையை ஒரு வாரம் பார்த்துக்கொள்ள வேண்டுமா, எல்லோர் வாயிலும் முதலில் வருவது அவள் பெயர்தான். 'செல்வி சும்மாதானே இருக்கா' என்பார்கள். சும்மா இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அவர்களுக்கு யார் சொல்வது? அந்தச் செல்விக்கு ராக் இசை என்றால் உயிர், அதுவும் மேடைக்கு முன்னால் நெருக்கியடித்து நின்று நெஞ்சுக்கூடு அதிரக் கேட்டால்தான் அவளுக்குத் திருப்தி என்பது மட்டும் அந்த ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. கட்டிய கணவனுக்கே தெரியாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணவர் ஜெயபிரகாஷ் கெட்டவர் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரிக் கதைகளில் கணவனைக் கெட்டவனாக்கிவிட்டால் எழுதுகிறவர்களுக்கு வேலை மிச்சம். ஆனால் மனிதர் குரல் உயர்த்திப் பேசி அவள் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவள் பிறந்த ஊரான கோபிக்கு போன் போட்டு மாமியாரின் முட்டிவலியை விசாரிப்பார். டெலிபோன் கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதும் வேலை. அந்த வேலையைத் தவிர அவருக்கு வேறு எதுவும் தெரியாது, அவ்வளவுதான் குறை. குழந்தை இல்லை. அதைப் பற்றி நான் இங்கே பேசப்போவதில்லை. ஊரார் போதுமான அளவு பேசிவிட்டார்கள்.

கதை ஜப்பானில் ஆரம்பிக்கிறது. தொண்ணூற்று ஐந்தில் ஜெயபிரகாஷை அவருடைய கம்பெனி நகோயாவுக்கு அனுப்பியது. காலையில் கிளம்பினால் இரவு பதினொன்றுக்குத்தான் வீடு. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அந்த ஊரில் எல்லா ஆண்களும் அப்படித்தான். கோபியில் அண்ணன் தம்பி, சித்தி பெரியம்மா என்று வீடு நிறைய ஆட்களோடு வளர்ந்தவள், ஆறு பாய் விரிக்கிற அளவு அறையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். நாள் முழுக்க அவளோடு பேசிய ஒரே பெண் குரல் லிஃப்டில் 'கதவு மூடுகிறது' என்று அறிவித்த குரல். அதற்குப் பதில் சொல்லவும் ஆரம்பித்திருந்தாள். 'மூடு தாயே, மூடு.'

எதிர்வீட்டில் ஃபூமியே என்று ஒரு பெண்மணி. நாற்பதைத் தாண்டியவள், விவாகரத்து ஆனவள், மதியச் சாப்பாட்டுப் பெட்டி விற்கும் கடையில் வேலை. ஒருநாள் மாலை கதவைத் தட்டி, இரண்டு டிக்கெட்டைக் காட்டி, கூட வரவேண்டிய தோழிக்குக் காய்ச்சல் என்பதை நெற்றியில் கை வைத்து நடித்துக் காட்டி, 'வா' என்று கையை ஆட்டினாள். டிக்கெட் என்றதும் செல்வி ஏதோ கோயில் விசேஷம் என்று நினைத்துக்கொண்டாள். பீரோவைத் திறந்து அரக்கு நிறப் பட்டுப்புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். ஃபூமியே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளே தவிர, வேண்டாம் என்று சொல்லவில்லை.

போன இடம் இமாய்கே என்ற பேட்டையில் ஒரு நிலவறை. அங்கே அதை 'லைவ் ஹவுஸ்' என்பார்கள். செங்குத்தான படி இறங்கினால் ஒரு கல்யாண வீட்டு ஸ்டோர் ரூம் அளவுக்கு இடம். அதில் கறுப்புப் பனியன் போட்ட நூறு பேர். நடுவே அரக்குப் பட்டில் செல்வி. வாசலில் ஒரு பிளாஸ்டிக் வில்லை கொடுத்தார்கள். அதைக் கொடுத்தால் குடிக்க ஏதாவது ஒன்று. அவள் குளிர்ந்த தேநீர் வாங்கிக்கொண்டு தூணோரம் ஒதுங்கினாள். மேடையில் மூன்று பெண்கள் ஏறினார்கள். கிட்டார் ஒருத்தி, பேஸ் ஒருத்தி, டிரம்ஸ் ஒருத்தி. குழுவின் பெயர் அமடோய். கூரைத் தண்ணீர் இறங்கும் தகரக் குழாய்க்கு அந்த ஊரில் அதுதான் பெயர் என்று பிறகு தெரிந்தது.

டிரம்ஸில் முதல் அடி விழுந்தபோது பூகம்பம் என்றே நினைத்தாள். ஃபூமியேவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது பாட்டில் கையை விட்டாள். மூன்றாவது பாட்டில் பட்டுப்புடவை கொசுவத்தை இடுப்பில் செருகிக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கே அவளைப் பார்த்துத் திகைப்பாக இருந்தது. கல்யாணமாகி நாலு வருடமாக உள்ளே அடைத்து வைத்திருந்தது எல்லாம் உள்ளங்கால் வழியாகத் தரையில் இறங்குவது போல் ஒரு ஆசுவாசம். அந்த இருட்டில் ஒருத்தரும் அவளிடம் 'விசேஷம் ஏதாச்சும் உண்டா' என்று கேட்கவில்லை. அது ஒன்றே போதுமாக இருந்தது.

ஜப்பானில் ஒரு சௌகரியம், இந்தக் கச்சேரிகள் ஆறரைக்கு ஆரம்பித்து ஒன்பதுக்குள் முடிந்துவிடும். அப்புறம் சந்து முனையில் ஒரு கடை. ஃபூமியேவுக்கு பீர், செல்விக்கு அவித்த பச்சைப் பயற்றங்காயும் சோற்று உருண்டையும். அரைகுறை ஜப்பானியமும் கொஞ்சம் இங்கிலீஷும் நிறைய கையசைப்பும் கலந்து இரண்டு பேரும் அன்றைய டிரம்ஸைப் பற்றிச் சண்டை போடுவார்கள். பத்து மணிக்கு வீடு. பதினொன்றுக்கு ஜெயபிரகாஷ் வரும்போது ரசம் கொதித்துக்கொண்டிருக்கும்.

மறைக்க வேண்டும் என்று அவள் மறைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவர் அடித்துப் போட்டது போல் தூங்கினார். அடுத்த ஞாயிறு, அதற்கடுத்த ஞாயிறு என்று போய், இவ்வளவு நாள் கழித்துச் சொன்னால் 'ஏன் அப்பவே சொல்லலை' என்பாரே என்ற தயக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. இப்படியே மூன்று வருடம் ஓடிவிட்டது. தொண்ணூற்றெட்டில் டெக்ஸஸுக்கு மாற்றல் வந்தது.

ரிச்சர்ட்சனில் எல்லாம் பெரிசு. வீடு பெரிசு, ஃப்ரிட்ஜ் பெரிசு, வானம்கூடப் பெரிசு. ஆனால் நடந்து போக ஓர் இடம் இல்லை. கார் ஓட்டத் தெரியாது. அவளுடைய விசாவில் வேலை பார்க்கவும் கூடாது. 'உனக்கு எதுக்கு லைசென்ஸ், எங்க போகோணும்னாலும் நான் கூட்டிட்டுப் போறேன்' என்று ஜெயபிரகாஷ் சொன்னார். மனதாரத்தான் சொன்னார். அவருக்கு நேரம் இருந்தால் நிச்சயம் கூட்டிக்கொண்டு போயிருப்பார்.

சனிக்கிழமைதோறும் யாராவது ஒரு தமிழ் வீட்டில் விருந்து. ஆண்கள் ஹாலில் கிரீன் கார்டு பற்றிப் பேசுவார்கள், பெண்கள் சமையலறையில் பிள்ளைகளின் ஸ்கூல் பற்றிப் பேசுவார்கள். இவளுக்கு இரண்டு பக்கமும் பேச ஒன்றுமில்லை. அப்பளம் பொரித்துக்கொண்டிருப்பாள். ஒருமுறை அனந்தலக்ஷ்மி ஆன்ட்டி, "ஏன் செல்வி, வீட்ல போர் அடிக்காதா? கீபோர்டு க்ளாஸ், பஜன், ஏதாவது ஜாயின் பண்ணலாமே? உனக்கு மியூசிக்ல இன்ட்ரெஸ்ட் உண்டோ?" என்று கேட்டாள். நெஞ்சு வரை வந்ததை அப்பளத்தோடு சேர்த்து எண்ணெயில் போட்டுவிட்டு, "கொஞ்சம் கொஞ்சம் ஆன்ட்டி" என்றாள் செல்வி.

இசை அவளுக்கு அலமாரிக்குள் நடந்தது. அமெரிக்க வீடுகளில் துணி மாட்டுவதற்கென்றே ஆள் நுழைகிற மாதிரி ஒரு சிறு அறை உண்டு. அதற்குள் புகுந்து, கதவைச் சாத்தி, நகோயாவில் வாங்கிய பிளேயரை முடிந்தவரை சத்தமாக வைத்து, கணவரின் இஸ்திரி போட்ட சட்டைகளுக்கு நடுவே நின்று குதிப்பாள். வரிசையாகத் தொங்கும் சட்டைகள்தான் கூட்டம். கீழ்வீட்டுக்காரர் துடைப்பக்கட்டையால் கூரையை இடித்தால் கச்சேரி முடிந்தது என்று அர்த்தம். வெளியே வந்து முகம் கழுவிக்கொண்டு உலை வைப்பாள். சில நாள் உலை கொதிக்கிற வரைக்கும் அழுவாள்.

இரண்டாயிரமாவது ஆண்டு மார்ச் மாதம் ஃபூமியேவிடமிருந்து போன் வந்தது. அமடோய் பெண்கள் ஒரு வேனை வாடகைக்கு எடுத்துக்கொண்டு அமெரிக்காவில் ஊர் ஊராகப் போகிறார்களாம். டல்லஸில் ஒரு வெள்ளிக்கிழமை வாசிக்கிறார்களாம். டல்லஸ் உன் ஊருக்குப் பக்கமா என்று அவள் கேட்டாள். முப்பது நிமிடக் கார் தூரம்.

அன்று இரவு முழுக்கத் தூங்காமல் ஒரு முடிவுக்கு வந்தாள். அவரைக் கூட்டிக்கொண்டு போவது. கேட்டால் புரியாது, பார்த்தால் புரியும். அந்தச் சத்தத்துக்கு நடுவே தன் முகத்தை அவர் ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும். பிறகு வெளியே வந்ததும் பட்டுப்புடவையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். ஒன்பது வருடம் கூட வாழ்ந்த மனிதருக்குத் தன்னைத் தெரிய வேண்டும், அதற்கு மேல் அவளுக்கு எந்த ஆசையும் இல்லை.

"என்னங்க, வர்ற வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஃப்ரீயா இருப்பீங்களா?"

"ஏன் செல்வி, யார் வீட்டுக்காவது போகோணுமா?"

"ஒரு கச்சேரிங்க. நகோயாலிருந்து வர்றாங்க. ஃபூமியேகூட நான் கேட்டிருக்கேன்."

"ஓ, ஜப்பான் கல்ச்சுரல் ப்ரோக்ராமா? போலாமே. நஞ்சப்பன் ஃபேமிலியையும் கூப்பிட்டுக்கலாமா? அவங்க வேன்லயே போயிடலாம்."

"வேண்டாங்க. நாம மட்டும் போலாம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் இப்படி எதையும் கேட்டு அவருக்குப் பழக்கமில்லை. "சரி, நாம மட்டும்" என்றார். சொன்ன சொல் தவறாமல் வெள்ளிக்கிழமை நேரத்தோடு வந்தார். முழுக்கைச் சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் போட்டு, வாட்ச் கட்டித் தயாராக நின்றார். அவள் அமடோய் பெயர் எழுதிய பழைய பனியனும் ஜீன்ஸும் போட்டு வந்தாள். "வெள்ளிக்கிழமை அதுவுமா கறுப்பா?" என்றார். "அவங்க பனியனுங்க" என்று சொல்லி மேலே ஒரு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டாள்.

டல்லஸில் டீப் எல்லம் என்ற அந்தத் தெருவைப் பார்த்ததுமே ஜெயபிரகாஷின் முகம் மாறியது. பச்சை குத்திய தோள்கள், பைக்குகள், நடைபாதையில் பீர் வாடை. இருந்தாலும் காரை இரண்டு முறை பூட்டிப் பார்த்துவிட்டுக் கூட வந்தார். செல்விக்கோ கால் தரையில் பாவவில்லை. வாசல் வரிசையில் நிற்கும்போதே உள்ளே யாரோ டிரம்ஸைத் தட்டிச் சரிபார்ப்பது கேட்டது. அந்தக் கை யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

வாசல் காவலன் மலைபோல் இருந்தான். மூக்கில் வளையம். அடையாள அட்டை கேட்டான், இருபத்தொரு வயது ஆனவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. ஜெயபிரகாஷ் லைசென்ஸை நீட்டினார். அவளிடம் நீட்ட ஒன்றுமில்லை. லைசென்ஸ் கிடையாது. பாஸ்போர்ட் இருக்கிறது, ஆனால் பேங்க் லாக்கரில். இந்தியர் வீடுகளில் நகைக்காகத் திருட்டு நடக்கிறது என்று போன தீபாவளியின்போது ஒரு பேச்சு கிளம்பியதே, அன்றைக்கே ஜெயபிரகாஷ் அவளுடைய நகை, இரண்டு பேர் பாஸ்போர்ட், கல்யாணச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு லாக்கரில் பூட்டிவிட்டார். பத்திரமான மனிதர். பேங்க் இனி திங்கட்கிழமைதான் திறக்கும்.

"இரு, கார்ல ஜெராக்ஸ் இருக்கு" என்று ஓடினார். எடுத்தும் வந்தார். காவலன் ஜெராக்ஸைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மன்னிக்க வேண்டும் அம்மா, ஒரிஜினல் வேண்டும் என்றான். அவள் என் மனைவி, முப்பத்திரண்டு வயது என்று ஜெயபிரகாஷ் இங்கிலீஷில் வாதாடினார். அவன் அசையவில்லை. கடைசியில் அவளிடம் திரும்பி, "செல்வி, தாலிய எடுத்துக் காட்டு" என்றார். பாவம், அவரும் என்னதான் செய்வார்! அவள் காட்டவில்லை. காவலனுக்கும் மூக்கில் வளையம், அவளுக்கும் மூக்குத்தி. இரண்டு பேரும் ஒருவரையொருவர் சங்கடத்தோடு பார்த்துக்கொண்டார்கள். பின்னால் வரிசை முணுமுணுத்தது.

"விடு, போலாம். இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்றார் ஜெயபிரகாஷ்.

இன்னொரு நாள் ஏது? விடிந்தால் அவர்கள் வேனில் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். செல்வி அவர் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"நீங்க உள்ள போங்க. ரெண்டு மூணு பாட்டு கேட்டுட்டு வாங்க. எனக்காகங்க."

"நான் மட்டுமா? எனக்கு எதுக்கு? நீ தனியா என்ன பண்ணுவே?"

"கார்லயே இருக்கேன். கதவப் பூட்டிக்கறேன். போங்க, ப்ளீஸ்."

அவள் கண்ணில் இருந்ததைப் பார்த்து அவர் போனார். ஆசைப்பட்டவள் வெளியே, ஆசையே இல்லாதவர் உள்ளே. காவலன் அவர் புறங்கையில் முத்திரை குத்தி அனுப்பினான்.

அவள் காரில் இருக்கவில்லை. கார் நிறுத்தும் இடம் கட்டடத்தின் பின்புறம். அங்கே செங்கல் சுவர், ஒரு ஏசி பெட்டி, குப்பைத் தொட்டி. சுவரோரம் போய் நின்றாள். முதல் பாட்டு வெறும் இரைச்சலாகத்தான் வந்தது. சுவரில் காதை வைத்தாள், அப்புறம் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தாள். செங்கல் அதிர்ந்தது. இரண்டாவது பாட்டு ஆரம்பித்தபோது அவளுக்கு ஒரு நொடிகூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ரயில் நிலையத்தில் சைக்கிளை எங்கே நிறுத்தினோம் என்று மறந்துபோய்த் தேடுகிற ஒருத்தியின் பாட்டு அது. இமாய்கேயில் எத்தனையோ தடவை குரல் கட்டக் கத்திப் பாடிய பாட்டு. ஸ்வெட்டரைக் கழற்றி ஏசி பெட்டிமேல் போட்டுவிட்டு, குப்பைத் தொட்டிப் பக்கத்தில் நின்று, ஒரு வார்த்தை விடாமல் பாடினாள், குதித்தாள். கூட யாரும் இல்லை. ஃபூமியே இல்லை. சட்டைகள்கூட இல்லை. அவ்வழியே போன ஒரு ஜோடி நின்று பார்த்துவிட்டுப் போனது. அவளுக்கு அது சந்தோஷமா துக்கமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பாட்டு முடிந்ததும் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

ஜெயபிரகாஷ் வருவதற்குள் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு காரில் உட்கார்ந்துவிட்டாள். அவர் வந்து கதவைத் திறந்து, ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். காதுகளில் பேப்பர் நாப்கினைக் கிழித்து உருட்டி அடைத்திருந்தார்.

"எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"என்ன?" என்று சத்தமாகக் கேட்டார். அப்புறம் உருண்டைகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, "ஐயோ சாமி, ஒரே சத்தம் செல்வி. மூணு பாட்டு நின்னேன், நீ சொன்னதுக்காக. சின்னப் பொண்ணுங்கதான், பாவம், நல்லா உழைக்கறாங்க" என்றார்.

ஃப்ரீவேயில் ஏறினார்கள். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தன்னை அறியாமல், மிக மெதுவாக, அந்தச் சைக்கிள் பாட்டை முனகிக்கொண்டு வந்தாள். சத்தமெல்லாம் கழிந்துபோய், தாலாட்டு மாதிரி இருந்தது. அவர் ரேடியோவை நிறுத்திவிட்டார்.

"பாடு. இன்னும் கொஞ்சம் பாடு."

கல்யாணமான நாளாக அவர் அவளைப் பாடச் சொன்னதில்லை. அவள் பயந்து பயந்து கடைசிவரை பாடினாள். அவர் வேகத்தைக் குறைத்து ஓட்டினார்.

"ரொம்ப நல்லா இருக்கே செல்வி. இந்த மாதிரி பாடியிருந்தா நான் இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருப்பேன். இதை ஏன் அவங்க பாடல?"

"பாடுனாங்க" என்றாள். "ரெண்டாவது பாட்டு."

ஒரு எக்ஸிட் தாண்டியது, இன்னொன்று தாண்டியது. பிறகு நிஜமான ஆச்சரியத்தோடு கேட்டார்.

"உனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?"

இந்த ஒரு கேள்விக்காகத்தான் அவள் ஐந்து வருடம் காத்திருந்தாள். பட்டுப்புடவை, பிளாஸ்டிக் வில்லை, ஃபூமியேவோடு போட்ட சண்டைகள், அலமாரி, எல்லாம் தொண்டை வரை வந்து நின்றன. ஆனால் எதைச் சொன்னாலும், காதில் காகிதம் அடைத்துக்கொண்டு மூன்று பாட்டு நின்ற மனிதரிடம்தான் சொல்ல வேண்டும். அவர் தலையாட்டிக் கேட்பார், அன்பாகவே கேட்பார், ஒன்றும் கேட்காது.

"ஃபூமியே வீட்டு ரேடியோவுல கேட்டதுங்க" என்றாள்.

"ஓ, அப்படியா" என்று அவர் நிம்மதியாகத் தலையாட்டினார். ரிச்சர்ட்சன் எக்ஸிட்டுக்குச் சிக்னல் போட்டார். "பாவம், ஆசையா வந்து ஏமாந்துட்டே. திங்கக்கிழமை முதல் வேலையா லாக்கர்ல இருந்து உன் பாஸ்போர்ட்ட எடுத்துட்டு வந்துடறேன்."

"எதுக்குங்க?" என்றாள் தாமரைச்செல்வி. "அங்கயே இருக்கட்டும்."